வாய்க்கால் தண்ணீரும் வெளிச்சம் விடும் பாக்டீரியாவும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கும்பகோணம் பக்கம் ஒரு குளத்தில் மீன் செத்து மிதந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "வெளிச்சம் விடும் பாக்டீரியாவை வைத்தே தண்ணீரில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகளா! தஞ்சாவூரில் ஒரு நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் 18 வருடமாகக் குப்பி கழுவிக்கொண்டிருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடி விவசாயி: அக்கா, பாக்டீரியாவே கிருமிதானே? கிருமி எப்படி விஷத்தைக் கண்டுபிடிக்கும்?

இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் பாக்டீரியாதான் தம்பி, அதையும் திட்டாதீர்கள். நாங்கள் வைத்திருப்பது அலிவிப்ரியோ ஃபிஷெரி என்கிற கடல் பாக்டீரியா. ஹவாய்க் கடலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டிக் கணவாய் உண்டு, அதன் உடம்புக்குள் ஒரு பையில் குடியிருந்துகொண்டு வெளிச்சம் விடுவது இதுதான். அந்த வெளிச்சத்துக்கான சக்தி அதன் மூச்சோடு பின்னிக் கிடக்கிறது, அதனால் செல்லுக்கு உடம்பு முடியாமல் போனால் வெளிச்சம் மங்கிவிடும். உறைய வைத்து உலர்த்திய தூளாகக் குப்பியில் வரும். திரவம் ஊற்றி உயிர்ப்பித்து, 2 சதவீத உப்போடு, 15 டிகிரி குளிரில் வைத்து, சோதிக்க வேண்டிய தண்ணீரைக் கலந்து 15 அல்லது 30 நிமிடம் கழித்துக் கருவியில் அளப்போம். விளக்கை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை உட்கார்ந்திருந்தால், குப்பிக்குள் நீலப்பச்சையாக ஒரு மங்கல் தெரியும். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் எனக்கு அதைப் பார்த்து அலுக்கவில்லை. (சித்திரை மாதத்தில் கரண்ட் போனால் 15 டிகிரிக்கு எங்கே போவது என்பது தனிக்கதை.)

திருவாரூர்: ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் வரும் முதல் தண்ணீர் நுரையோடு வருகிறது. அதில் இருப்பது சாயமா, சோப்பா, பூச்சிமருந்தா என்று இது சொல்லுமா?

சொல்லாது. காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லும், டைபாய்டா டெங்குவா என்று சொல்லாது. அதற்கு வேறு சோதனைதான்.

ஆனால் ஒரே ஒரு விஷத்துக்கு மட்டும் பதில் சொல்லும்படி செல்லைத் தயார் செய்யவும் முடியும். ஆர்சனிக்குக்குச் செய்திருக்கிறார்கள். பாக்டீரியாவுக்குள் ஆர்ஸ்ஆர் என்று ஒரு புரதம், மரபணு மேல் பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆர்சனிக் வந்து ஒட்டினால் பூட்டு கழன்றுவிடும். அந்த மரபணுவுக்குப் பின்னால் வெளிச்சம் தரும் மரபணுவைக் கோத்துவிட்டால், ஆர்சனிக் வந்ததும் விளக்கு எரியும். ஆக, முதல் வகையில் விஷம் வந்தால் விளக்கு அணையும், இதில் விஷம் வந்தால் விளக்கு எரியும். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அந்த அளவிலேயே பிடிக்கிற செல்கள் உண்டு. வியட்நாமில் கிணற்றுத் தண்ணீரை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பாபநாசம்: எங்கள் தாத்தா கிணற்றில் மீன் விட்டு வைப்பார். அதுவும் இதே மாதிரிதானா?

அதே யோசனைதான். போலந்தில் வார்சா நகரக் குடிநீருக்கு இன்றைக்கும் 8 சிப்பிகள் காவல். ஓட்டில் உணரி, அதாவது சென்சார், ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் கெட்டால் சிப்பி வாயை மூடும், மணி அடிக்கும். நம் ஆற்றிலும் சிப்பி கிடக்கிறது, நாம் பொறுக்கி விளையாடியதோடு சரி. ஆனால் மீன் செத்தால் உடனே விஷம் என்று முடிவுகட்டாதீர்கள். மூட்டமான நாளில் விடிகாலையில் குளத்து மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பெரும்பாலும் காற்று போதாமைதான்.

நீடாமங்கலம்: நெல்லுக்கு அடித்த மருந்து வாய்க்காலில் கலந்திருந்தால் உங்கள் பாக்டீரியா காட்டிக்கொடுக்குமா?

ரொம்பப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் தாக்குவது நரம்பில் இருக்கும் ஒரு நொதியை. பாக்டீரியாவுக்கு ஏது நரம்பு? நம்மைப் படுக்க வைக்கிற அளவு மருந்து இருந்தாலும் அது பாட்டுக்கு வெளிச்சம் விட்டுக்கொண்டிருக்கலாம். வெளிச்சம் குறையவில்லை, ஆகவே தண்ணீர் சுத்தம் என்று யாராவது தாளில் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். இந்த மருந்துகளுக்கு அந்த நொதியையே வைத்துச் செய்யும் சோதனை உண்டு, இல்லாவிட்டால் டாஃப்னியா என்கிற தண்ணீர்த் தெள்ளு இருக்கிறது. அதை 48 மணி நேரம் அந்தத் தண்ணீரில் விட்டு, எத்தனை நீந்தாமல் கிடக்கின்றன என்று எண்ணுவோம். யாரை எது கொல்லுமோ அவரைத்தான் காவலுக்கு வைக்க வேண்டும்.

பால் சொசைட்டிக்காரர், ஒரத்தநாடு: எங்களுக்கு இதில் ஏதாவது பயன் உண்டா மேடம்?

உங்களுக்குத்தான் முதலில். மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்ட மறுநாளே பாலைக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள் இல்லையா, பாலில் இறங்கிய அந்த ஊசி மருந்தைப் பிடிக்கும் குப்பிக்குள் இருப்பதும் உயிருள்ள பாக்டீரியாதான். சூட்டைத் தாங்கும் வகை. சில சொட்டுப் பால் விட்டு 64 டிகிரியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வைத்தால், பால் நல்லதாக இருந்தால் பாக்டீரியா வளர்ந்து புளிக்கவைக்கும், ஊதா நிறம் மஞ்சளாகும். மருந்து கலந்திருந்தால் வளராது, ஊதா ஊதாவாகவே நிற்கும். படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லலாம். கடலைப் பிண்ணாக்குப் பூஞ்சை விஷம் பாலில் இறங்குகிறதா என்று பார்க்க இது உதவாது, அதற்குத் தனி அட்டை இருக்கிறது.

வேதாரண்யம்: இறால் குஞ்சுத் தொட்டி ராத்திரியில் பச்சையாக மின்னுகிறது. அந்தப் பாக்டீரியாவை எடுத்துச் சோதிக்கலாமா?

ஐயோ, முதலில் தொட்டியைப் பாருங்கள். அது விப்ரியோ ஹார்வேயி, குஞ்சைக் கொல்லும்.

பட்டுக்கோட்டை: இதை நம்பி நீங்கள் ஏமாந்தது உண்டா?

உண்டு. ஒரு கிராமத்துக் குழாய்த் தண்ணீர், கலந்த ஐந்தாவது நிமிடமே வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. எனக்குக் கை நடுங்கியது, மதியம் சாப்பிடக்கூட இல்லை, ஊருக்குப் போன் போட்டு யாரும் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் கேனை முகர்ந்து பார்த்தால் பிளீச்சிங் வாசம். முன்பு அதில் பிளீச்சிங் கரைசல் வைத்திருந்தார்களாம். மறுநாள் நானே போய்ப் புதுக் குப்பியில் பிடித்து வந்தேன், வெளிச்சம் அப்படியே நின்றது. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

பட்டுக்கோட்டைக்காரரே மறுபடியும்: அப்படியானால் தண்ணீரை எப்படிப் பிடித்துவர வேண்டும்?

கண்ணாடிக் குப்பி, அதே தண்ணீரில் மூன்று முறை அலசியது. காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். சந்தேகப்படும் இடத்துக்கு மேல்மடையில் இன்னொரு குப்பியும் பிடியுங்கள், ஒப்பிட ஒன்று வேண்டும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மினரல் வாட்டர் பாட்டில், ஊறுகாய் பாட்டில், பினாயில் கேன் எதுவும் வேண்டாம்.