ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்துக்கு ஏன் பல பட்டங்கள்?

அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத் தலைவரைக் கில்டேர் ஏர்ல் என்றும் லென்ஸ்டர் டியூக் என்றும் அழைப்பது ஏன்? ஃபிட்ஸ்ஜெரால்டு என்பது குடும்பப் பெயர். ஏர்லும் அதனினும் உயர்ந்த டியூக்கும் மன்னர் வழங்கும் பட்டங்கள். விசுவாசத்துக்குக் கைம்மாறாகத் தரப்பட்டவை என்பதால், அது பிசகினால் பறிக்கவும்பட்டன. 1316இல் கிடைத்த ஏர்ல் பட்டம், பத்தாம் ஏர்லான ‘பட்டுத் தாமஸ்’ (அவருடைய ஆட்கள் தலைக்கவசத்தில் பட்டுக் குஞ்சம் அணிந்தார்களாம்) 1534இல் இங்கிலாந்து மன்னருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து, 1537இல் ஐந்து சித்தப்பாக்களுடன் லண்டனில் கொல்லப்பட்டபோது பறிபோய், 1554இல்தான் அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பிக்குத் திரும்பக் கிடைத்தது. 1766இல் டியூக் பட்டமும் சேர்ந்தது. பாகம் பிரிக்க முடியாத பூர்வீக வீட்டைப் போல, பட்டங்கள் அனைத்தும் ஒரே ஆண் வாரிசுக்கே போகும். புதியது வந்ததால் பழையது மறைவதில்லை.

லென்ஸ்டர் டியூக் அயர்லாந்தின் லென்ஸ்டர் மாகாணத்தையே ஆண்டார் என்று பலர் நினைக்கிறார்கள்; பட்டத்தோடு ஆட்சியுரிமை எதுவும் வரவில்லை, டப்ளினில் அக்குடும்பம் கட்டிய லென்ஸ்டர் மாளிகையில் இன்று கூடுவது அயர்லாந்து நாடாளுமன்றம்.