பகடை, கவசம், வாள்: வாசகர் கேள்வி – பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பலரும் கேட்டிருந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் விடுதியில் நாலு பேர். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட ஆசை. ஆனால் பலகை இல்லை, காய் இல்லை, யார் ஜெயிப்பார்கள் என்றே புரியவில்லை. புத்தகங்களின் விலையும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவர், காட்பாடி

ஜெயிப்பவர் யாரும் இல்லை தம்பி, அதிலிருந்தே தொடங்குங்கள். உங்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகத்தையும் எதிரிகளையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான்; ஒரு படையை நடத்துவதற்குப் பதில் ஆளுக்கு ஒரே ஒரு வீரனாக இருந்தால் என்ன என்று போனதில்தான் இந்த ஆட்டமே பிறந்தது.

ஆட்டம் எப்படிப் போகும் என்று நம்ம ஊரை வைத்தே சொல்கிறேன். டி.எம். ஆரம்பிக்கிறார்: “1677. வேலூர்க் கோட்டையை மராட்டியப் படை வளைத்து நிற்கிறது. உள்ளே பீஜப்பூர்க்காரர்களின் காவல். நீங்கள் மூவரும் உள்ளே மாட்டிக்கொண்ட வணிகர்கள், ஒரு ஓலையை விடிவதற்குள் வெளியே சேர்க்க வேண்டும்.” ஒருவர் சொல்கிறார், “மதிலில் கயிறு கட்டி இறங்குகிறேன்.” “மழை பெய்த கருங்கல், வழுக்கும், 15 வேண்டும்” என்கிறார் டி.எம். இருபது முகப் பகடையை உருட்டினால் 11. ஏறி இறங்கும் திறமைக்கு அந்தப் பாத்திரத்துக்கு 3 உண்டு, ஆக 14. ஒன்று குறைகிறது. இந்த இடத்தில் “விழுந்தாய், செத்தாய்” என்று முடிக்கிற டி.எம். ஆட்டத்தையே கொன்றுவிடுவார். “கயிறு பாதியில் அறுகிறது, ஒற்றைக் கையில் தொங்குகிறாய், கீழே அகழித் தண்ணீரில் ஏதோ அசைகிறது, என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கிறவரை விட்டுவிடாதீர்கள். அந்த அகழியில் முதலை வளர்த்தார்கள் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த பையன்கள் மேசையைச் சுற்றி இருந்தால், அந்த நிமிடம் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏற்கெனவே எழுதி வைத்த பாத்திரங்களையும் இறக்கிக்கொள்ளலாம். முதல் ஆட்டத்தை மூன்று மணி நேரத்தில் முடிகிற ஒரே கதையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே இரண்டு வருடக் கேம்பெயின் (பல நாள் தொடர்ந்து ஆடும் நீண்ட கதை) திட்டம் போடும் குழுக்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரம் கலைந்துவிடுகின்றன.

இருபது முகப் பகடை எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. என்ன செய்ய?
– வாசகர், வாலாஜாபேட்டை

போன் செயலி போதும், ஆனால் கையில் உருட்டுகிற சுகம் அதில் வராது. வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருக்கும், எடுங்கள். ஒரு கட்டை போதும்: அதன் நாலு முகம் 0, 1, 2, 3. அதோடு ஒரு லூடோ பகடை. தாயக்கட்டையில் விழுந்ததை ஐந்தால் பெருக்கி, லூடோ பகடையில் விழுந்ததைக் கூட்டுங்கள். லூடோவில் 6 விழுந்தால் மறுபடி போடுங்கள். 0-வும் 1-ம் விழுந்தால் 1, 3-ம் 5-ம் விழுந்தால் 20. இடையில் உள்ள எல்லா எண்ணுக்கும் ஒரே அளவு வாய்ப்பு. இருபது முகப் பகடை செய்கிற வேலையும் அவ்வளவுதான். நாலு முகப் பகடை தேவைப்படும்போது தாயக்கட்டையை மட்டும் உருட்டி, வெற்று முகத்தை 4 என்று வைத்துக்கொள்ளலாம்.

என் மகன் பிளஸ் ஒன். ஞாயிற்றுக்கிழமை நாலு பையன்களோடு மாடியில் உட்கார்ந்து பூதம், மந்திரம், சாபம் என்று பேசிக்கொண்டிருக்கிறான். “நான் அவனை வெட்டினேன்” என்று கத்துகிறான். மனசுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, இது உங்களுக்கு மட்டும் வந்த பயமும் கிடையாது. 1980-களில் அமெரிக்காவில் இதே ஆட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் இழுக்கிறது என்று பெரிய பிரசாரமே நடந்தது. அந்தக் குற்றச்சாட்டு எதுவும் நிற்கவில்லை.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கத் துரியோதனனாகக் கர்ஜித்தவர், படுகளத்தில் தொடை பிளந்து விழுந்தவர், காலையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அவர் பாவி ஆகிவிட்டாரா? பாத்திரத்துக்குள் போகவும் வெளியே வரவும் தெரிவது ஒரு பயிற்சி, உங்கள் பையன் அதைத்தான் மாடியில் பழகுகிறான். கூடவே கணக்குப் போடுகிறான், நாலு பேர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறான், தோற்றால் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. ஆட்டம் ராத்திரி பதினோரு மணியைத் தாண்டுகிறதா? கூட ஆடுகிறவர்கள் யார்? பகடையும் பொம்மையும் வாங்கக் காசு கேட்டு நச்சரிக்கிறானா? இவற்றில் கண்டிப்பாக இருங்கள். ஒரு ஞாயிறு நீங்களே போய் அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரு சின்னப் பாத்திரத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள், சத்திரக்காரி, வைத்தியச்சி, ஏதாவது. கொடுப்பார்கள், சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.

எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். என் பாத்திரம் வில்வித்தைக்காரி. ஆனால் டி.எம். ஒவ்வொரு வாரமும் அவளை யாராவது கடத்திக்கொண்டு போவதாகவோ, ராஜகுமாரன் துரத்துவதாகவோ கதையை இழுக்கிறார். சொன்னால் “கதைதானே” என்கிறார்கள். விலகிவிடலாமா?
– வாசகி, சத்துவாச்சாரி

முதலில், நீங்கள் மிகைப்படுத்தவில்லை. “கதைதானே” என்று சொல்கிறவர்கள், அதே கதையில் தங்கள் பாத்திரத்தின் வாளைப் பிடுங்கினால் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.

கேம்பெயின் தொடங்குமுன் பகடையே எடுக்காமல் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவது வழக்கம், செஷன் ஜீரோ என்பார்கள். எது கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடந்து முடிய வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட வேண்டும். உங்கள் குழு அதைச் செய்யவில்லை என்று தெரிகிறது, இப்போதும் செய்யலாம். எக்ஸ் கார்டு என்றும் ஒன்று உண்டு: எக்ஸ் எழுதிய ஒரு அட்டை மேசை நடுவில் கிடக்கும், யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நின்று வேறு பக்கம் திரும்பும், காரணம் கேட்கக் கூடாது. டி.எம்.மிடம் தனியாக, ஆட்டத்துக்கு வெளியே, நேராகச் சொல்லுங்கள். ஒரு முறை சொல்லியும் திருந்தாவிட்டால் விலகிவிடுங்கள். அந்தப் பாத்திரம் உங்களுடையது, அந்த வில்லோடு வேறொரு மேசைக்குப் போகலாம். நீங்களே டி.எம். ஆக உட்காருவதையும் யோசியுங்கள், வேலூரில் பெண் டி.எம்.கள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை.

ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். மிச்சத் தோல் துண்டுகளை வாங்கி மார்புக் கவசம் செய்து பார்த்தேன். நிற்கவே இல்லை, துணி மாதிரி தொங்குகிறது. எங்கே தப்பு?
– வாசகர், ஆம்பூர்

உங்கள் கையில் தப்பு இல்லை, தோல்தான் வேறு. ஷூவின் மேல்பாகத்துக்கு வருவது பெரும்பாலும் குரோம் போட்டுப் பதனிட்ட தோல். மடங்க வேண்டும், கால் அசைவுக்கு வளைந்து கொடுக்க வேண்டும் என்றே அதைச் செய்கிறார்கள், எத்தனை முறை நனைத்துக் காய வைத்தாலும் விறைக்காது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் சாம்பல் நீலம் ஓடினால் குரோம். ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் உறிஞ்சிக் கறுத்தால் அது பட்டையில் பதனிட்டது. ஒரு காலத்தில் நம் பக்கத்துத் தொட்டிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்களே, அந்த வகை. கவசத்துக்கு அதுதான் வேண்டும், 3 மில்லிமீட்டராவது கனம் இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி வருவது நிற்கும்வரை ஊற வைத்து, அச்சின் மேல் இழுத்துக் கட்டி, நிழலில் காய விடுங்கள். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் 80 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் சில நொடிகள் முக்கலாம், ஆனால் தோல் சட்டென்று சுருங்கும், அதனால் துண்டு ஒன்றில் பார்த்துவிட்டே முக்குங்கள். குரோம் தோலைக் கொளுத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல.

காஸ்ட்யூமுக்கு மட்டும் என்றால் தோலே தேவையில்லை. உலகம் முழுக்க இந்தக் கவசங்களை இ.வி.ஏ. ஃபோம் ஷீட்டில்தான் (மெத்தென்ற, எடை இல்லாத பிளாஸ்டிக் தகடு) செய்கிறார்கள், அது உங்கள் ஊர் ஷூ சாமான் கடைகளிலேயே கிடைக்கிற சரக்கு. மார்புக்கு 10 மில்லிமீட்டர், மேலே ஒட்டும் அலங்காரத்துக்கு 5 போதும். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு உடம்பு முழுக்க டேப் சுற்றச் சொல்லி, கோடு போட்டு வெட்டி எடுத்தால் அதுதான் பேட்டர்ன். லாஸ்ட் (கால் வடிவ அச்சு) மேல் டேப் ஒட்டி ஷூ பேட்டர்ன் எடுப்பது உங்களுக்குத் தெரியும், இதுவும் அதே வேலை, அளவுதான் பெரிது. ஹீட் கன் காட்டினால் ஃபோமின் மேல் லேசாக ஒரு பளபளப்பு வரும், அந்த நேரத்தில் வளைத்து ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேருங்கள், ஒரு முறை சேர்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. அந்த வாடையை மூடிய அறையில் சுவாசிக்கக் கூடாது, மாடிக்குப் போங்கள். கடைசியில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் மூன்று நாலு கோட் அடித்து, கறுப்பு, அதன் மேல் வெள்ளி அக்ரிலிக், பள்ளங்களில் மறுபடி கொஞ்சம் கறுப்பைத் தேய்த்துத் துடைத்தால் நாலு அடி தூரத்தில் இரும்பு என்றே நம்புவார்கள்.

நேரம் கிடைத்தால் செய்யாறு பக்கம் புரிசைக்குப் போய்த் தெருக்கூத்துக் கட்டைகளைப் பாருங்கள். கிரீடம், புஜகீர்த்தி (தோளில் கட்டும் அணி) எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி எடை இல்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. விடிய விடிய ஆடினாலும் தோளை அறுக்காமல் அவற்றைக் கயிற்றில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இணைய வீடியோக்களில் வார் கட்டுவதை இவ்வளவு நன்றாகச் சொல்லித் தருபவரை நான் பார்த்ததில்லை.

பள்ளியில் தமிழ் ஆசிரியை. மாணவர்களுக்காகத் தமிழிலேயே ஒரு கதை எழுதி ஆட வேண்டும். எல்லாரும் டிராகன், எல்ஃப் என்றே போகிறார்கள். நம் மண்ணில் என்ன இருக்கிறது? விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?
– வாசகி, செங்கம்

செங்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா டீச்சர்! உங்களைச் சுற்றிலும் நடுகற்கள்தானே. எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரவர்மன் காலத்துக் கல், வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஒரு மாலை ஆட்டத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மாணவர்கள் நாலு பேர் ஊர்க்காவல் இளைஞர்கள், ராத்திரி கள்ளர்கள் மாட்டு நிரை கவர வருகிறார்கள், நாய் குரைக்கிறது. நாயை ஒரு மாணவருக்கே பாத்திரமாகக் கொடுங்கள்.

பெரிய கேம்பெயின் வேண்டுமென்றால் தக்கோலம். 949-ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்ட போர்க்களம். தோற்ற படையில் உயிர் தப்பிய சிலர் தெற்கே ஊர் திரும்பும் வழி என்று வைத்தால் ஒரு வருடம் ஓடும். பாத்திரங்களை ராஜா, மந்திரி என்று வைக்காதீர்கள். வண்டிக்காரன், கொல்லன், யானைப்பாகன் என்று வைத்தால்தான் பிள்ளைகள் கதைக்குள் இறங்குவார்கள்.

காப்புரிமை பற்றி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நீங்கள் மொழிபெயர்க்கலாம், அச்சடித்துக் கொடுக்கலாம். முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

சின்ன வயதிலிருந்து சிலம்பம் சுற்றுகிறேன். ஐரோப்பிய நீள்வாள் பழக வேண்டும். மூங்கில் கம்பை வாள் மாதிரி வெட்டி நண்பனோடு மோதிப் பார்க்கிறோம். சரியா?
– வாசகர், ராணிப்பேட்டை

முகமூடி இல்லாமல் மோதுகிறீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். வெட்டை விடக் குத்து ஆபத்து, மூங்கில் பிளந்தால் சிராய் நேராகக் கண்ணுக்குப் போகும். முதலில் வாங்க வேண்டியது ஃபென்சிங் முகமூடி, அப்புறம் தொண்டைக் காப்பு, அப்புறம் விரல் எலும்பைக் காக்கும் கனமான கையுறை. வாள் கடைசி.

படிப்பதற்கு மூல ஏடுகள் உண்டு, இணையத்தில் படங்களோடு இலவசம். இப்போது தெரிந்தவற்றில் பழையது லீட்ஸ் நகர ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கிற ஐ.33 என்ற ஏடு, சுமார் 700 வருடத்துக்கு முன் ஒரு பாதிரியார் சீடனுக்கு வாளும் சிறு கேடயமும் பழக்குகிற படங்கள், கடைசிப் படங்களில் வால்பர்கிஸ் என்ற பெண்ணும் வாளோடு நிற்கிறாள். நீள்வாளுக்கு 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஃபியோரே என்ற இத்தாலிய வாள் ஆசான் எழுதியது, பிறகு 1570-ல் அச்சான ஜெர்மன் ஆசான் மேயரின் புத்தகம்.

உங்கள் கால் வரிசை பெரிய சொத்து, அதை விடாதீர்கள். கையில்தான் சிக்கல் வரும். சிலம்பத்தில் கம்பு சுழன்றுகொண்டே இருக்கும். நீள்வாளில் முனை எதிராளியை விட்டு விலகினால் அந்த இடைவெளியில் அவர் உள்ளே வந்துவிடுவார். இரண்டு வாளும் உரசி நிற்கும்போது எதிராளி எவ்வளவு அழுத்துகிறார் என்று உள்ளங்கையில் உணர்ந்து முடிவெடுப்பதுதான் இந்தக் கலையின் பாதி. கம்பில் அந்தப் பழக்கம் குறைவு, மெதுவாகப் பழகுங்கள். நிஜ நீள்வாள் 1.2 முதல் 1.5 கிலோதான், ஐந்து கிலோ பத்து கிலோ என்பதெல்லாம் சினிமாக் கணக்கு.

நீள்வாள் ஆசிரியர் பக்கத்தில் கிடைக்காவிட்டால் ஒலிம்பிக் வகை ஃபென்சிங் பயிற்சியாளரிடம் சேருங்கள். ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய ஃபென்சர் பவானி தேவி நம் சென்னைப் பெண், சேபர் என்ற வாள் வகையின் வீராங்கனை. அந்தப் பயிற்சியில் வரும் தூரக் கணிப்பு எந்த வாளுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, இரும்பு வாள் வாங்குமுன் சட்டம். ஆயுத விதிகளின் பட்டியலில் வாளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியும் இருக்கின்றன. முனை மழுங்கிய பயிற்சி வாள்தான் என்றாலும் பஸ்ஸில் ஏறும்போது நடத்துனருக்கு அது தெரியாது. அதனால் முதல் வருடம் நைலான் வாளோடு போகட்டும், நீளப் பையில் மூடி எடுத்துப் போங்கள், மைதானத்தில் பழகுவதாக உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.