வயதான பூனையின் உடம்பில் சிக்கு: கத்தரிக்கோல் வேண்டாம்

கேள்வி: எங்கள் பெர்ஷியன் பூனை பஞ்சுவுக்கு 13 வயது. ஆறேழு மாதமாக இடுப்புப் பக்கம், அக்குள், பின்தொடை எல்லாம் முடி சடைசடையாகப் பிடித்துவிட்டது. சீப்பை எடுத்தாலே கடிக்க வருகிறாள். குளிப்பாட்டினால் சிக்கு இளகுமா, டாக்டர்? கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடலாமா? "வயசாயிடுச்சு, விடு" என்கிறார் என் கணவர்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கத்தரிக்கோலை முதலில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பூனையின் தோல் மெல்லியது, உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருப்பது. சடையைப் பிடித்துத் தூக்கினால் அதோடு தோலும் கூடாரம் போல எழும்பி வரும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரே நறுக்கில் இரண்டு அங்குலக் காயம் வந்துவிடும். பாசத்தோடு சிக்கெடுக்கப் போய், துண்டில் பூனையைச் சுற்றிக்கொண்டு அழுதபடி வந்தவர்களுக்கு நான் நிறையவே தையல் போட்டிருக்கிறேன்.

குளியலும் இப்போது வேண்டாம். நனைந்த சடை காயும்போது இன்னும் இறுகிக் கம்பளி போல ஆகிவிடும். அடியில் தங்கும் ஈரத்தில் தோலும் புண்ணாகும். சிக்கை எடுத்த பிறகுதான் தண்ணீர்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் "விடு" என்பதுதான் தவறு. பன்னிரண்டு வருடம் தன்னைத்தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொண்டவள், கடந்த ஆறேழு மாதமாக ஏன் அதை விட்டாள்? அதுவும் இடுப்பையும் பின்தொடையையும்? அங்கே நாக்கு எட்ட வேண்டுமென்றால் முதுகை வளைத்துத் திரும்ப வேண்டும். மூட்டு வலித்தால் அது முடியாது. 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. நாய் நொண்டிக் காட்டிவிடும். பூனை பெரும்பாலும் நொண்டாது. முன்பு ஒரே தாவலில் ஏறிய ஜன்னல் திட்டுக்கு இப்போது நாற்காலி வழியாக ஏறுகிறாளா, அல்லது ஏறுவதையே விட்டுவிட்டாளா என்று பாருங்கள்.

அடுத்து வாய். பல்லின் அடி அரித்து, ஈறு வீங்கியிருந்தால் நக்குவதே வேதனை. பிறகு உள்நோய்கள். தண்ணீர்க் கிண்ணம் முன்னைவிடச் சீக்கிரம் காலியாகிறதென்றால் சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறாள் என்றால் தைராய்டு சுரப்பு கூடியிருக்கலாம். பெர்ஷியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பரம்பரையாக வருவதும் உண்டு. அதனால் பஞ்சுவுக்கு ஒரு முழுப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

சரி, இப்போது கைவேலை. உங்கள் அம்மா உங்களுக்குச் சிக்கெடுத்தது நினைவிருக்கும். உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால் அலறியிருப்பீர்கள்; நுனியிலிருந்து பிரித்து, வேர்ப்பக்கம் முடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலிக்காது. பூனைக்கும் அதே கணக்குதான். தோலுக்கும் சடைக்கும் நடுவே முடியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள், இழுவை தோலுக்குப் போகக் கூடாது. சடையில் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் மாவைத் தூவித் தேய்த்தால் முடி வழுக்கிப் பிரியும். முகப்பவுடர் வேண்டாம், தூசி மூச்சில் ஏறும். முதலில் விரலாலேயே சடையை இரண்டு மூன்று கற்றைகளாகப் பிரித்து, அப்புறம் அகலப் பல் உள்ள உலோகச் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாருங்கள். மேலாக வழுக்கிப் போகும் பிரஷ் இந்த வேலைக்கு ஆகாது. பளபளவென்று சீவிய முடிக்கு அடியில் கம்பளம் போலச் சடை கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு சடை, அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழியும் நேரமாகப் பாருங்கள். வால் வேகமாக ஆடத் தொடங்கினாலோ, காது பின்னால் மடிந்தாலோ நிறுத்திவிடுங்கள். அவள் கடிக்க வருவது முரண்டு அல்ல. அக்குளில் சடை இருந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தோல் இழுபடும். அந்த இடத்தைத்தான் நீங்கள் தொடுகிறீர்கள்.

சுண்டுவிரல் நகம் அளவுச் சிக்குக்கு இது போதும். தோலோடு ஒட்டித் தகடாகிவிட்ட சடைக்கு இதெல்லாம் வீண் முயற்சி, வழித்து எடுக்கத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பஞ்சுவின் பின்தொடை அந்த நிலையில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆண்கள் தாடிக்கு வைத்திருக்கும் டிரிம்மர் பூனையின் அடர்ந்த முடியில் சிக்கி நிற்கும், சூடாகித் தோலையும் சுடும். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கிளிப்பரில் 10-ஆம் எண் பிளேடைத் தோலுக்குச் சமமாகப் படுக்கவைத்து, தோலை இழுத்துப் பிடித்து வழிப்பார்கள். வலியோ பயமோ அதிகமிருந்தால் லேசான மயக்கம் தேவைப்படும். பெர்ஷியன் போன்ற தட்டை முகப் பூனைகளுக்கு மூச்சுப்பாதை குறுகல், சிறுநீரகக் கோளாறு மறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகே மயக்க ஊசி. "ஊசி போட்டு அரைமணியில் முடித்துத் தருகிறோம்" என்று பரிசோதனை எதுவும் இல்லாமல் சொல்லும் கடைகளிடம் 13 வயதுப் பூனையைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான்.

சடையிலிருந்து கெட்ட வாடை வந்தாலோ, ஈரம் கசிந்தாலோ, ஈ மொய்த்தாலோ நாள் பார்க்காமல் அன்றே கிளம்புங்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும், வால் அடியில் மலம் ஒட்டிய சடைக்குள் ஈ முட்டையிட்டால் ஒன்றிரண்டு நாளில் புழு வைத்துவிடும்.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி ஒட்டிச் சடை பெரிதாகும். டீ ட்ரீ எண்ணெயும் பினாயிலும் பூனைக்கு விஷம். நாய்க்கான உண்ணிப் பவுடரில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். மூட்டு வலி என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனை இறந்துவிடும். வலிக்கு மருந்து இருக்கிறது, ஆனால் அளவைச் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வழித்த பிறகு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். சில வாரங்களுக்குக் கடும் வெயிலிலும், ஏசி காற்றுக்கு நேராகவும் படுக்கவிடாதீர்கள். நீளமுடி முழுதாக வளரப் பல மாதம் ஆகும். முடி அரை அங்குலம் வந்ததுமே ஒருநாள் விட்டு ஒருநாள் சீப்பைப் பழக்குங்கள், காதின் பின்புறம், அக்குள், வயிறு, வாலடி நான்கையும் விடாமல். வால் அடியிலும் பின்தொடையிலும் மட்டும் இனி எப்போதும் கிளிப்பரால் கட்டையாகவே வெட்டி வைத்துவிடுவது நல்லது. மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக்குங்கள், ஏறி இறங்க வலிக்காது.

மருத்துவரிடம் போகும்போது நகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நக்குவதை விட்ட கிழப்பூனை, நகத்தைப் பிறாண்டித் தேய்ப்பதையும் விட்டிருக்கும். நகம் வளைந்து வளர்ந்து பாதச் சதைக்குள் குத்தியிருந்தால் முடி மறைப்பில் அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது.