கண்ணாடிக்கு மாற்றா யோகா?

கேள்வி: குளச்சலில் தையற்கடை நடத்துகிறேன், வயது 46. ஊசியில் நூல் கோக்கவே சிரமமாக இருக்கிறது. திராடகம் என்னும் யோகப் பயிற்சி செய்தால் கண்ணாடி தேவைப்படாது என்கிறார்களே, உண்மையா? அம்மாவுக்குக் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உண்டு.
– வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வெள்ளெழுத்தாகவே இருக்கும். நாற்பதைக் கடந்தபின் விழிவில்லை இறுகுவதால் வரும் இந்தக் குறையை எந்தப் பயிற்சியாலும் நீக்க முடியாது என்பதால், தயங்காமல் கண்ணாடி அணியுங்கள். யோகா தருவது வேறு வகை நன்மை: களைப்பு தணியும், மனம் ஒருமுகப்படும். ஹட யோகத்தின் ஆறு கிரியைகளில் ஒன்றான திராடகத்தில், கண்மட்டத்தில் வைத்த சுடரைக் கண்ணீர் துளிர்க்கும்வரை இமைக்காமல் நோக்கிவிட்டுக் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். கடற்காற்று முகத்தில் அடிக்கும் திண்ணையில் இதைச் செய்தால் சுடரும் ஆடும், கண்ணும் உலரும். ஏற்கெனவே கண் உலர்ந்து உறுத்துபவர்கள் தவிர்ப்பதே நல்லது. சுடருக்குப் பதிலாகச் சூரியனை, அது கன்னியாகுமரியின் உதயமே ஆனாலும், உற்று நோக்கக் கூடாது, விழித்திரை புண்படும்.

தைக்கும்போது 20 நிமிடத்திற்கு ஒருமுறை தலை நிமிர்ந்து, எதிரே நிற்கும் தென்னையின் குருத்தை 20 விநாடி பாருங்கள். உள்ளங்கைகளைச் சூடுபறக்கத் தேய்த்து, விழியை அழுத்தாமல் குவித்து மூடுவதும் இதமளிக்கும்.

எனக்குக் கவலை தருவது அம்மாவின் கிளாக்கோமாதான். அது பரம்பரையாகத் தொடரக்கூடியது. அறிகுறியின்றிப் பார்வை நரம்பை அரிப்பது. சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் கண்ணின் உள் அழுத்தத்தை ஏறக்குறைய இருமடங்காக்கும் என்பதால், கண் மருத்துவரிடம் அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதிக்கும்வரை அவற்றைச் செய்ய வேண்டாம். அம்மாவின் சொட்டு மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.