கோத்தகிரியிலிருந்து இறங்கி மளிகை வாங்கினால் கட்டுப்படியாகுமா?

மாதாமாதம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி தள்ளுபடிக் கடையில் மளிகை வாங்கினா மிச்சமாகுமான்னு கேட்டிருந்தீங்க. போகவர சுமார் 66 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 15 கொடுத்தா நாலரை லிட்டர் பெட்ரோல். அதைத் தாண்டி மிச்சம் பிடிச்சாத்தான் லாபம்.

எண்ணெய், சோப்பு, சலவைத்தூளுக்கு இறங்கலாம். ஆனா எம்.ஆர்.பி.யை அடிச்சு எழுதியிருக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க, எடையைப் பாருங்க. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். அதே உயரப் பாக்கெட்டில் 800 கிராமும் இருக்கும். பாக்கெட் விலையை கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்க, கிலோ விலை தெரிஞ்சிடும்.

ரவை, வெல்லம் மொத்தமா வேண்டாம். நம்ம மழைக்கால ஈரத்தில் ரவை கட்டி தட்டும், வெல்லம் கசியும். கேரட், பீட்ரூட்டுக்குக் கீழே போறது வேடிக்கை. உழவர் சந்தையே போதும். 5 லிட்டருக்குக் குறைஞ்ச தண்ணீர் பாட்டில் ஆஃபரில் வந்தாலும் தொடாதீங்க, நீலகிரியில் அதுக்குத் தடை இருக்கிறதால சோதனைச்சாவடியில் வாங்கி வெச்சுக்குவாங்க.