ஒரே வகுப்பு, இரண்டு பூர்வீகம்

கேள்வி: எங்கள் ஊரில் வார இறுதியில் ரெய்கி வகுப்பு நடக்கிறது. அது சித்தர்கள் வழிவந்த பழம்பெரும் கலை என்று கற்பிப்பவர் எங்களிடம் சொன்னார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவிடமோ, இயேசுநாதர் கைவைத்துக் குணமாக்கிய முறையே இது என்றாராம். எது உண்மை? தீட்சை பெற்றால் அம்மா சீனி வருத்தத்துக்கான குளிசையை நிறுத்திவிடலாம் என்றும் சொல்கிறார். முதல் நிலைக்குப் பணம் கட்டிவிட்டோம். திரும்பக் கேட்கலாமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டுமே உண்மையில்லை. ரெய்கிக்கு வயது நூற்றுக்குச் சற்றே அதிகம். பிறந்த இடம் ஜப்பான்.

அதைத் தொடங்கிய மிக்காவோ உசுயி 1865இல் பிறந்தவர். வாழ்க்கையில் பலமுறை சறுக்கியவர். கியோட்டோவுக்கு அருகே குராமா மலையில் 21 நாள் உண்ணாமல் தவமிருந்தார். அப்போது தலைக்கு மேல் ஒரு பேராற்றல் இறங்கியதை உணர்ந்தார் என்று அவருடைய சீடர்கள் 1927இல் டோக்கியோவில் நாட்டிய நினைவுக்கல் சொல்கிறது. 1922இல் டோக்கியோவில் ரெய்கிச் சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டு பெரும் பூகம்பம் வந்தபோது காயப்பட்டவர்களைத் தேடிப் போய்க் கைவைத்தார். 1926இல், கற்பிக்கப் போன ஊரிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

ரெய்கிக்காரர்களின் நம்பிக்கை இதுதான்: எங்கும் நிறைந்த உயிராற்றல் ஒன்று உண்டு, தீட்சை பெற்றவரின் உள்ளங்கை வழியாக அது நோயாளிக்குள் பாயும். குணமாக்குபவர் வெறும் வாய்க்கால்தான். இரண்டாம் நிலையில் சில சின்னங்களைக் கற்றுக்கொண்டால், கடல் கடந்து இருப்பவருக்கும் ஆற்றலை அனுப்பலாமாம். இவற்றோடு, காலையும் மாலையும் கைகூப்பிச் சொல்ல ஐந்து நெறிகளையும் உசுயி வைத்தார். இன்றைக்கு மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையை ஒழுங்காகச் செய், பிறரிடம் அன்பாயிரு. அருமையான புத்திமதிகள். ‘குளிசையை நிறுத்து’ என்று ஆறாவது ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பூர்வீகத்தை மாற்றிச் சொல்லும் பழக்கத்தை உங்கள் ஆசிரியர் தொடங்கிவைக்கவில்லை. ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணான ஹவாயோ தகாதா, 1935இல் டோக்கியோவுக்குப் போய், உசுயியின் சீடரும் முன்னாள் கடற்படை அதிகாரியுமான ஹயாஷியின் நிலையத்தில் சிகிச்சை பெற்று, அங்கேயே கலையையும் கற்றார். மேற்குலகுக்கு ரெய்கியைக் கொண்டுபோனவர் அவர்தான். அவர் சொன்ன கதையில் உசுயி ஒரு கிறிஸ்தவர், கியோட்டோவின் தோஷிஷா கல்லூரித் தலைவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்! பின்னால் தேடியவர்களுக்கு இரண்டு இடத்திலும் அவர் பெயர் அகப்படவில்லை. யுத்தம் முடிந்த அமெரிக்காவில் ஜப்பானியச் சரக்கு விலைபோக அப்படி ஓர் உடுப்பு தேவைப்பட்டது போலும். பிறருக்குக் கற்பித்துத் தீட்சை கொடுக்கும் ‘மாஸ்டர்’ பட்டத்துக்கு 10,000 டொலர் என்று விலை வைத்தவரும் தகாதாதான். 1980இல் அவர் இறக்கும்போது இருந்த மாஸ்டர்கள் 22 பேர். அங்கே கிறிஸ்தவரான உசுயி, இங்கே உங்கள் வீட்டில் சித்தராகவும் அக்கா வீட்டில் இயேசுவின் வாரிசாகவும் நடமாடுகிறார். அக்காவுக்கு ஒரு செய்தி: ரெய்கி கத்தோலிக்க நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009இலேயே சொல்லிவிட்டார்கள்.

போயும் போயும் மட்டக்களப்புக்கா வந்தார்கள்! வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் பயந்த மண்ணில் மந்திரம் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். கண்ணகை அம்மன் சடங்கில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி முடிந்து, பூசகரான கப்புகனார் வேப்பிலையால் தண்ணீர் தெளிக்கும்போது ‘மூடநம்பிக்கை’ என்று விலகி நிற்கும் நம் படித்த பிள்ளைகள், ஜப்பானியச் சின்னம் என்றதும் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கப்புகனாரின் தண்ணீரும் சீனியைக் குறைக்காதுதான். ஆனால் அவர் அதற்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று கட்டணம் வைப்பதில்லை.

கையில் ஆற்றல் தெரிகிறது என்பதையாவது சோதித்தார்களா? ரெய்கியின் ஒன்றுவிட்ட சகோதரியான ‘தொடுகைச் சிகிச்சை’யை அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி சோதித்தாள். அட்டைத் தடுப்பின் துளைகளில் சிகிச்சையாளர் இரு கைகளையும் நீட்ட வேண்டும். மறுபக்கம் எமிலி, நாணயம் சுண்டி, ஏதோ ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 பேர், 280 தடவை. சரியாகச் சொன்னது 44 வீதம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வெளியானது.

அமைதியான அறையில் ஒருவர் அக்கறையோடு தலையிலும் தோளிலும் கைவைத்தால் வயதானவர்களுக்கு மனம் இளகும், தூக்கமும் வரும். அம்மாவுக்குப் பிடித்திருந்தால் போகட்டும். அந்தக் கையை நீங்களே வைக்கலாம், செலவில்லை. ஆனால் குளிசையில் கைவைக்க விடாதீர்கள். மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு உடனே முறைப்பாடு செய்யாது, அதுதான் ஆபத்து. சீனி சத்தமில்லாமல் ஏறி, கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்ற பிறகு, கால் புண் ஆறாதபோதுதான் தெரியவரும். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு ஆதார வைத்தியசாலைக்குப் போய், குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று டொக்டரிடமே கேளுங்கள்.

பணமா? தாராளமாகத் திருப்பிக் கேளுங்கள். கடல் கடந்து ஆற்றல் அனுப்புகிறவருக்கு, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவதா பெரிய காரியம்?