வாசகர் கேள்வி – பதில்: ஒரே குளத்தை நம்பிய மூன்று வருமானம்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், பேண்தகு பொருளாதார வளர்ச்சியும் பல்வகைப்படுத்தலும் பற்றிய சர்வதேசச் செயலமர்வு ஒன்றுக்குப் போய்வந்தாள். அங்கே கொடுத்த துணிப்பையில் இப்போது எங்கள் வீட்டு மரக்கறி வருகிறது. பேசியது என்னவென்று கேட்டால், ஒரே தொழிலை நம்பக்கூடாது என்றார்களாம். எங்களுக்கு வயல் இருக்கிறது, இரண்டு பசு இருக்கிறது, மகனுக்கு அரிசி ஆலையில் வேலை. இது போதாதா?
– கமக்காரர் ஒருவர், உருத்திரபுரம்

பதில்: மகளின் குறிப்புப் புத்தகத்தில் ஹேர்பிண்டால் சுட்டி என்றொரு கணக்கு இருக்கக்கூடும். ஒவ்வொரு தொழிலும் வருமானத்தில் பெறும் பங்கை அதே எண்ணால் பெருக்கி, வந்த விடைகளைக் கூட்ட வேண்டும். நெல் மட்டும் என்றால் விடை 1. உங்கள் வருமானத்தில் நெல் பாதி, பால் கால், ஆலைச் சம்பளம் கால் என்று வைத்துக்கொண்டால் 0.25, 0.0625, 0.0625, கூட்டினால் 0.375. எண் குறையக் குறைய வருமானம் பரவியிருக்கிறது என்று பொருள்.

ஆனால் உங்கள் பசு தின்பது அதே வயலின் வைக்கோலை. ஆலை குற்றுவது அதே பகுதியின் நெல்லை. இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்து, சிறுபோகத்தில் விதைக்கும் ஏக்கர்கள் குறைக்கப்படும் ஆண்டில் மூன்றும் சேர்ந்தே தளரும். சுட்டிக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும். எத்தனை தொழில் என்பதைவிட, அவை ஒரே காரணத்தால் ஒன்றாக விழுமா என்பதையே நான் முதலில் கேட்பேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது உழவு இயந்திரம் டீசலுக்கும், முல்லைத்தீவுக் கரையில் படகு மண்ணெண்ணெய்க்கும் காத்துக் கிடந்தன. வயலும் கடலும் வேறு வேறு தொழில்கள்தான். கைவிட்டது ஒரே தட்டுப்பாடு.

இத்தகைய அரங்குகளில் மொரிசியசை உதாரணம் காட்டுவது வழக்கம். கரும்பையே நம்பியிருந்த அந்தத் தீவு 1970இல் ஏற்றுமதிப் பதனிடல் வலயச் சட்டத்தைக் கொண்டுவந்து ஆடைத் தொழிலுக்கும், பின்னர் சுற்றுலாவுக்கும் நகர்ந்தது உண்மை. ஆனால் அங்கே வரிச்சலுகையைத் தந்து வழிவிட்டது அரசு. களஞ்சியமும் கடனும் நிலையான விலையும் இல்லாத இடத்தில் இரண்டு ஏக்கர்க் கமக்காரரிடம் "பல்வகைப்படுத்துங்கள்" என்று சொல்வது, சுமையை அவர் தலையில் மாற்றி வைப்பதாகவே எனக்குப் படுகிறது.

"பேண்தகு" என்ற சொல்லுக்கு, வருங்காலத் தலைமுறையின் தேவைகளைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவுசெய்வது என்று 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைக்குழு விளக்கம் தந்தது. வைக்கோலுக்குப் பதிலாகக் கிணற்று நீரில் கோ-3 என்ற தீவனப் புல் வளர்க்கலாம் என்று நான் சொன்னால், வாய்க்காலில் நீர் ஓடினால்தான் எங்கள் கிணறும் ஊறும் என்பீர்கள், அதுவும் சரியே. ஆகவே முதலில் மாற்றிப் பார்க்கத்தக்கது மகனின் வேலை என்று நினைக்கிறேன். அவர் மோட்டார் திருத்தவோ மின்னிணைப்புச் செய்யவோ பழகினால், குளம் வற்றிய மாதத்திலும் அந்த வேலைக்கு ஆள் தேடுவார்கள்.